கரடியைத் தோற்கடிக்கும் டப்பா

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 2001 முதல் 2007 வரை கரடிகள் உடைத்துப் புகுந்த வண்டிகள் 900-க்கு மேல். அவை என்னென்ன வண்டிகள் என்று ஸ்டூவர்ட் பிரெக் என்ற காட்டுயிர் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கணக்கெடுத்தார்கள். பூங்காவுக்கு வரும் வண்டிகளில் மினிவேன்கள் குறைவுதான். ஆனால் உடைபட்ட வண்டிகளில் அவற்றுக்கே முதலிடம். 2009-இல் வெளியான அந்த ஆய்வு இதற்குச் சில காரணங்களை ஊகித்தது. மினிவேனின் பின்பக்க ஜன்னலை நெம்புவது எளிதாக இருக்கலாம். ஒருசில கரடிகள் இந்த வண்டியை உடைப்பதில் தனித்தேர்ச்சி பெற்றிருக்கலாம். எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது மூன்றாவது காரணம். மினிவேன் என்பது பிள்ளைகுட்டிகளோடு வருபவர்களின் வண்டி. சீட் இடுக்கில் பிஸ்கட் தூள் கிடக்கும், தரைவிரிப்பில் போன மாதம் சிந்திய ஆப்பிள் ஜூஸ் ஊறியிருக்கும். உணவையெல்லாம் எடுத்துவிட்டோம் என்று பெற்றோர் நிம்மதியாகப் பூட்டிவிட்டுப் போன வண்டியும் கரடியின் மூக்குக்குச் சாப்பாட்டுப் பெட்டிதான்.

காரோடு வந்து முகாமிடுபவர்களுக்குப் பூங்கா நிர்வாகம் இரும்புப் பெட்டகம் வைத்திருக்கிறது. உணவை அதில் போட்டுக் கொக்கியை மாட்டினால் போதும். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு உள்காட்டுக்கு நடந்துபோய், ஓடைக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குபவர்களுக்குத்தான் சிக்கல். அங்கே பெரும்பாலான இடங்களில் பெட்டகம் கிடையாது. சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் வட்டாரத்திலிருந்து சுமார் நான்கு மணி நேர கார்ப் பயணத்தில் சேர்ந்துவிடலாம் என்பதால், அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் கோடையில் இந்த மலைகளுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். நாலு பேருக்கு இரண்டு நாள் சாப்பாட்டை இரவில் எங்கே வைப்பது என்பது அவர்கள் முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி. அதற்கான விடையைக் கண்டுபிடிக்க யோசெமிட்டிக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன.

யோசெமிட்டியில் இருப்பது அமெரிக்கக் கருங்கரடி. பெயர்தான் கருங்கரடி, இங்கே பெரும்பாலானவை பழுப்பு நிறம். கலிபோர்னியாவின் கொடியில் இருக்கும் பெரிய கிரிஸ்லி கரடி 1920களிலேயே இந்த மாநிலத்திலிருந்து அழிந்துவிட்டது. பூங்காவில் இப்போது 300 முதல் 500 கருங்கரடிகள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. இவற்றின் உணவில் பெரும்பகுதி தாவரம்: வசந்தத்தில் புல்வெளியின் இளம்புல், கோடையில் பழங்கள், மட்கிய மரத்தைப் பிளந்தால் கிடைக்கும் எறும்பும் புழுவும், இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகள்.

அந்த இலையுதிர் காலம்தான் கரடியின் ஆண்டில் முக்கியமான பருவம். குளிர்காலத்தைக் குகையில் படுத்துக் கழிக்க உடம்பில் கொழுப்பு வேண்டும். அதற்காக அந்தப் பருவத்தில் நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்கும். ஒரு நாளில் 20,000 கலோரி வரை உள்ளே போவதுண்டு. பெண் கரடிக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஜூன், ஜூலையில் இணைசேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டுவதில்லை. மாதக்கணக்கில் மிதந்தபடி காத்திருந்து, இலையுதிர் காலத்தின் முடிவில்தான் ஒட்டுகிறது. தாயின் உடம்பில் அதற்குள் போதிய கொழுப்பு சேரவில்லை என்றால் அந்த ஆண்டு குட்டியே கிடையாது. உணவைத் தேடிப் பிடிப்பதற்கென்றே கூர்மையடைந்த மூக்கும் நினைவும் இப்படிப்பட்ட நெருக்கடியில் உருவானவை.

இப்போது நம் மூட்டையைக் கரடியின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், இரண்டு நாள். பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,500 கலோரி, குழந்தைக்கு 1,600 என்று வைத்தால் மொத்தம் 16,400 கலோரி. உச்சப் பசியில் இருக்கும் கரடி பொழுதெல்லாம் ஓக் மரத்தடியில் பொறுக்கிச் சேர்ப்பதில் பெரும்பங்கு, ஒரே துணிப்பைக்குள், தோலுரிக்கும் வேலைகூட இல்லாமல் கிடக்கிறது. ஒருமுறை இப்படிக் கிடைத்த இடத்தை எந்தக் கரடி மறக்கும்?

மறக்கவிடாமல் பழக்கியவர்களும் மனிதர்கள்தான். 1920களில் யோசெமிட்டி நிர்வாகமே கரடிக் காட்சி நடத்தியது. விடுதிகளின் எச்சில் உணவை மாலையில் ஓரிடத்தில் கொட்டுவார்கள். சுற்றுலாப் பயணிகள் உட்கார வரிசை பெஞ்சுகள் இருக்கும். இருட்டியதும் விளக்குகளைப் போட்டால் கரடிகள் கும்பலாக வந்து தின்னும். பகலில் அதே கரடிகளுக்குக் கையால் ஊட்டிப் படமெடுத்துக்கொள்வதும் நடந்தது. 1929-இல் மட்டும் 81 பேர் கரடியால் காயம்பட்டுச் சிகிச்சைக்கு வந்தார்கள். காட்சி 1940-இல் நின்றது. குப்பைமேடுகள் மட்டும் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் திறந்தே கிடந்தன. பூங்காவின் கடைசித் திறந்தவெளிக் குப்பைமேடு 1971-இல் மூடப்பட்டது.

குப்பைமேட்டை மூடினால் கரடிகள் காட்டுக்குத் திரும்பிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அவை முகாம்களுக்கு வந்தன. தலைமுறைகளாக மனித உணவைத் தின்று பழகிய விலங்கு அதன் அடுத்த கிடங்கைத் தேடிக்கொண்டது. தொல்லை தந்தவற்றைப் பூங்கா ஊழியர்கள் கொன்றார்கள். 1960 முதல் 1972 வரை கொல்லப்பட்டவை 200-க்கு மேல். வெளியே தெரியாமல் நடந்த அந்த வேலையை 1970களின் தொடக்கத்தில் மலையேறியும் புகைப்படக் கலைஞருமான கேலன் ரோவெல் வெளிக்கொண்டுவந்தார். சாலையோரப் பாறைச்சரிவுக்குக் கீழே எறியப்பட்டுக் கிடந்த கரடி உடல்களை அவர் கயிற்றில் இறங்கிப் போய்ப் படமெடுத்தார். எழுந்த எதிர்ப்பில் 1975-இல் புதிய கரடி மேலாண்மைத் திட்டம் வந்தது. கரடியைத் திருத்துவதைவிட உணவை அதற்கு எட்டாமல் வைப்பதே வழி என்ற எண்ணம் அப்போதுதான் அதிகாரபூர்வமாக வேர்பிடித்தது. என் பார்வையில், யோசெமிட்டிக் கரடிகளின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம்.

எட்டாமல் வைப்பது என்றால் முதலில் கயிறுதான். உணவுப்பையைக் கயிற்றில் கட்டி உயர்ந்த கிளையில் தொங்கவிடச் சொன்னார்கள். கயிற்றை அடிமரத்தில் கட்டினால் கரடி அதைக் கடித்து அறுத்தது. எனவே கயிற்றை எங்கும் கட்டாமல், ஒரே எடையுள்ள இரண்டு பைகளைக் கிளையின் இரு பக்கமும் தராசுபோலத் தொங்கவிடும் முறை வந்தது. கிளை நுனி தாய்க் கரடியின் எடையைத் தாங்காது என்றால் குட்டியை அனுப்பும். குட்டியும் போகமுடியாவிட்டால் கிளையையே கடித்து முறிக்கும். இருட்டிய பிறகு, களைத்துப்போன உடம்போடு, சரியான கிளையைத் தேடிக் கல்லைக் கட்டிய கயிற்றை வீசுபவர்களில் எத்தனை பேர் அதைப் பிழையில்லாமல் செய்திருப்பார்கள்? இரவெல்லாம் வேலை செய்யக் கரடிக்கு நேரம் இருந்தது. இன்று யோசெமிட்டியில் உணவைத் தொங்கவிடுவது சட்டப்படி குற்றம்.

கயிறு ஏன் தோற்றது என்பதைக் கற்றல் உளவியலில் வைத்துப் பார்த்தால் விளங்கும். ஒரு செயலுக்கு ஒவ்வொரு முறையும் பரிசு கிடைத்துவந்து, பிறகு அது அடியோடு நின்றுபோனால், விலங்கு அந்தச் செயலை விரைவில் கைவிடும். எப்போதாவது, எதிர்பாராமல் கிடைத்துக்கொண்டிருந்தாலோ லேசில் விடாது. பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவிய உண்மை இது. பத்துப் பைகளில் ஒன்பது சரியாகத் தொங்கி ஒன்று மட்டும் கைக்கு வந்தால், அந்த ஒன்பது தோல்விகள் கரடியைத் துவளச் செய்வதில்லை. பத்தாவதில் கிடைக்கும் என்ற பிடிவாதத்தைத்தான் வளர்க்கின்றன. 90 சதவீதம் பாதுகாப்பான முறை என்று நாம் மெச்சிக்கொள்வது கரடிக்கு விடாமுயற்சிப் பயிற்சியாகிவிடுகிறது.

இங்கே இரண்டு வகைக் கரடிகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மனிதரைக் கண்டு ஓடாத கரடி ஒரு வகை. தினமும் பார்த்துப் பழகியதால் அதற்கு நாம் பொருட்டில்லை, அது பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். மனிதர் இருக்கும் இடத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று கற்றுக்கொண்டது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கூடாரத்தைக் கிழிக்கும், துணிச்சல் கூடிக்கூடிக் கடைசியில் கொல்லப்படும். முதல் வகையை இரண்டாவதாக மாற்ற ஒரு நாள் அலட்சியம் போதும்.

அந்தப் பாடம் குட்டிகளுக்கும் போகிறது. ரேச்சல் மஸூர், விக்டோரியா சேஹர் இருவரும் யோசெமிட்டி அமைந்திருக்கும் சியரா நெவாடா மலைத்தொடரின் கரடிகளைக் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. முகாம்களில் இரைதேடும் தாயோடு வளர்ந்த குட்டிகள் பெரிதும் முகாம்களையே நாடின. காட்டில் இரைதேடும் தாயிடம் வளர்ந்தவை காட்டிலேயே தின்றன. குட்டி சுமார் ஒன்றரை ஆண்டு தாயின் பின்னால் அலைந்து எது உணவு, எங்கே கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கற்கிறது.

ஆகவே தேவைப்பட்டது கரடி ஒவ்வொரு முறையும், விதிவிலக்கே இல்லாமல், தோற்கும்படியான ஒரு பொருள். 1980களின் தொடக்கத்தில் அதைச் செய்தது கலிபோர்னியாவின் விசாலியா ஊரில் இருந்த கார்சியா மெஷின் என்ற சிறிய பட்டறை. கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்த உருளை, உயரம் ஒரு சாண் நாலு விரலுக்குச் சற்றுக் கூட, எடை 1.2 கிலோ. மலைநடைக்காரர்கள் ‘பேர் கேனிஸ்டர்’ (bear canister) என்று சொல்லும் கரடி டப்பாக்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் பழைய வடிவம் இதுதான்.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அதில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை என்பது முதலில் தெரியும். கைப்பிடி இல்லை, விளிம்பு இல்லை, கயிறு கோக்கத் துளை இல்லை. பக்கங்கள் லேசாகப் புடைத்திருக்கும், ஓரங்கள் உருண்டிருக்கும். மூடி மேலே துருத்தாமல் உடம்போடு சமமாகப் பதிந்திருக்கும். மூடியில் எதிரெதிராக இரண்டு உலோகத் திருகுகள், தலையில் ஒரு கோட்டுப் பள்ளம். அதில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் பூட்டு விலகும். நாணயத்தைப் பிடிக்கக் கட்டைவிரல் எதிர்ப்புறம் வளையவேண்டும். கரடியின் பாதத்தில் ஐந்து விரலும் ஒரே பக்கம் பார்க்கின்றன.

கரடியின் வலிமை முழுவதும் தாடையிலும் நெம்புவதிலும் இருக்கிறது. மரக்கட்டையைப் பிளக்கும் அந்தத் தாடை, வாய்க்குள் அடங்கும் பொருளைத்தான் நொறுக்க முடியும். டப்பாவின் குறுக்களவு சுமார் 22 செ.மீ. முழுத் தேங்காயைப் பல்லால் கடிக்கப் பார்ப்பது போல, கோரைப்பல் வழுக்குகிறதே தவிர இறங்குவதில்லை. மேலே ஏறி அழுத்தினால், வளைந்த சுவர் விசையை ஓரிடத்தில் குவியவிடாமல் சுற்றிலும் பரப்பிவிடுகிறது. கண்ணாடியைப்போல உடையாமல் சற்று நெளிந்து மீளும் பிளாஸ்டிக் என்பதால் விரிசலும் எளிதில் ஓடாது. அடித்தால் உருண்டு ஓடும். நகத்தை மாட்டி நெம்ப ஓர் இடுக்கு கிடைத்தால் போதும், அது கிடைக்காது.

வாசனையை இந்த டப்பா தடுப்பதில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கரடிக்கு நன்றாகத் தெரியும். வரும், முகரும், உருட்டும், கடிக்கும், ஒன்றும் கிடைக்காமல் போகும். அந்தத் தோல்விதான் டப்பாவின் பயன். அடுத்த நாள் வேறொரு குடும்பத்தின் டப்பாவிலும் அதே தோல்வி. சில பருவங்கள் கழித்து இந்த உருளையைக் கண்டால் நின்று பார்க்காமல் கடந்துபோகக் கரடி கற்கிறது. பரிசு அடியோடு நின்றுபோவது என்று ஸ்கின்னர் சொன்னது இதுதான்.

புதிய வடிவங்கள் எல்லாம் நிஜக் கரடியிடம் தேர்வெழுதித்தான் வருகின்றன. மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள கிரிஸ்லி மற்றும் ஓநாய் மையத்தில், காட்டில் விடமுடியாத கிரிஸ்லிகளை வளர்க்கிறார்கள். மனித உணவுக்குப் பழகியதால் உயிர் போகவிருந்தவையும் அவற்றில் உண்டு. உணவு நிரப்பிய டப்பாவை அவற்றிடம் போட்டு, கடித்தும் பிறாண்டியும் அழுத்தியும் கரடி அதோடு மல்லுக்கட்டிய நேரத்தை மட்டும் கூட்டுகிறார்கள். 60 நிமிடம் தாங்கினால் சான்றிதழ்.

அத்தனை தேர்வையும் தாண்டிய ஒரு டப்பாவை நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலையில் ஒரு கரடி திறந்தது. இரு காதுகளிலும் மஞ்சள் அடையாள வில்லைகள் இருந்ததால் அதற்கு மஞ்சள்-மஞ்சள் என்று பெயர். 60 கிலோவைத் தொடாத, கூச்ச சுபாவமுள்ள பெண் கரடி. அந்த வட்டாரத்தில் 2005 முதல் டப்பா கட்டாயம். பேர்வால்ட் நிறுவனத்தின் டப்பாவில் மூடியைத் திருகும்போது ஒரு சிறு மேட்டை அழுத்தித் தாண்டவேண்டும். மஞ்சள்-மஞ்சள் அந்த மேட்டைப் பல்லால் அழுத்தக் கற்றுக்கொண்டது. நிறுவனம் இரண்டு மேடுகள் வைத்தது. இரண்டையும் தாண்டியது. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கிரிஸ்லிகளின் பலத்துக்கு அசையாத மூடி, ஒரு சின்னக் கரடியின் பொறுமைக்குத் திறந்தது. 2012 இலையுதிர் காலத்தில், ஏறத்தாழ 20 வயதில், ஒரு வேட்டைக்காரரின் குண்டுக்கு அது பலியானது. அந்த மலையில் இன்றும் சில வகை டப்பாக்களை அனுமதிப்பதில் தயக்கம் உண்டு. எந்த மலைக்குப் போகிறோமோ அந்த மலையின் நிர்வாகம் எந்த வகையை ஏற்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் டப்பா வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும்.

யோசெமிட்டிக்குத் திரும்புவோம். டப்பா வந்துவிட்டாலும் எல்லாரும் தூக்கவில்லை. 1998-இல் பூங்காவில் பதிவான கரடிச் சம்பவங்கள் 1,584, சேதம் ஆறரை லட்சம் டாலர். அது நாட்டின் செய்தியானதும் 1999 முதல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியது. முகாம்கள் தோறும் இரும்புப் பெட்டகங்கள் வந்தன. இரவு ரோந்துக்கு ரேஞ்சர்கள் சேர்ந்தார்கள், டப்பா குறைந்த வாடகைக்குக் கிடைத்தது, காலப்போக்கில் உள்காடு முழுவதிலும் அது கட்டாயமானது. சம்பவங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின.

சம்பவம் குறைந்தது என்றால் கரடி மாறியது என்று அர்த்தமா? புகார் குறைந்திருக்கலாமே. இந்தச் சந்தேகத்துக்குப் பதில் கரடியின் மயிரில் இருந்தது. மக்காச்சோளமும் கரும்பும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும் விதம் மற்றப் பெரும்பாலான செடிகளிலிருந்து வேறானது. அதனால் அவற்றில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் சற்று அதிகம். அமெரிக்க உணவில் சர்க்கரையும் மக்காச்சோளமும் அதைத் தின்ற மாட்டின் இறைச்சியும் எங்கும் உண்டு. சியராவின் காட்டுச் செடிகளிலோ அந்தக் கனமான கார்பன் குறைவு. இறைச்சி கூடக்கூட நைட்ரஜன்-15-ம் கூடும். தின்றது மயிராக வளர்வதால் ஒரு கற்றை மயிர் அந்தப் பருவத்தின் சாப்பாட்டுக் கணக்கு. ஜாக் ஹாப்கின்ஸும் குழுவினரும் இன்றைய கரடிகளின் மயிரையும், அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய கரடிகளின் மயிர், எலும்புகளையும் அளந்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மனித உணவைத் தின்னும் கரடிகளின் சாப்பாட்டில் அந்த உணவின் பங்கு 1975–85 காலத்தில் 35 சதவீதம்வரை ஏறியிருந்தது. 1999-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அது 13 சதவீதம். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, கரடிக் காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள்களில் இருந்த அளவு அது.

இந்தக் கதையைப் படிக்கும்போது நீலகிரி நினைவுக்கு வராமல் இருக்காது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் கரடி புகுந்து கோயில் விளக்கெண்ணெயைக் குடித்தது, சத்துணவுக் கூடத்தின் கதவை உடைத்தது, பேக்கரிக்குள் நுழைந்தது என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. எண்ணெய், சர்க்கரை, திறந்த குப்பை என்று பாடம் அங்கேயும் இதுதான், உணவையும் குப்பையையும் பூட்டுவதே அங்கேயும் முதல் வேலை. ஆனால் நம்முடையது தேன்கரடி. திடீரென எதிர்ப்பட்டால் தாக்கக்கூடியது, ஆளைக் கொன்றதும் உண்டு. அமெரிக்கக் கருங்கரடியைக் கூச்சலிட்டு விரட்டும் வழக்கத்தை அதனிடம் காட்டக்கூடாது.

குடும்பத்தோடு முதல்முறை போக யோசெமிட்டியில் லயல் பள்ளத்தாக்கு நல்ல இடம். 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் துவாலமி புல்வெளியிலிருந்து தொடங்கி ஆற்றோரமாகவே போகும் பாதை, ஏற்றம் குறைவு, சின்னக் கால்களும் நடக்கும். கரடிகளுக்கும் பெயர்போன பள்ளத்தாக்கு அது. உள்காட்டில் தங்க அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்திலேயே டப்பாவையும் வாடகைக்கு எடுத்துவிடலாம்.

பெரிய டப்பா ஒன்றின் கொள்ளளவு 11.5 லிட்டர், ஒரு பெரியவரின் ஒரு வாரச் சாப்பாடு அடங்கும். வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு மதியம் திரும்பும் நால்வர் குடும்பம் என்றால், முதல் நாள் தின்பதை அதில் அடைக்கவேண்டியதில்லை. சனிக்கிழமை முழு நாளும் ஞாயிறு இரண்டு வேளையும் உள்ளே போனால் போதும். கணக்குப்படி ஒன்றில் அடங்கிவிடும். ஆனால் உணவு மட்டுமா போகவேண்டும்? பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு, கொசு மருந்து, ஈரத்துடைப்பான், குழந்தையின் பால் பவுடர், அதன் அழுக்கு டயப்பர், அன்றைய குப்பை எல்லாமே கரடியின் கணக்கில் உணவுதான். அதனால் இரண்டு டப்பா எடுத்துப்போவது நல்லது.

இடம்தான் இங்கே எடையைவிடப் பெரிய பிரச்சினை. முறுக்கும் சிப்ஸும் காற்றைச் சுமப்பவை, அவற்றை முதல் நாளே தின்று தீர்த்துவிடலாம். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை சின்ன இடத்தில் நிறையக் கலோரி அடக்குபவை. நெய் 100 கிராமில் ஏறத்தாழ 900 கலோரி. அவல் வெந்நீர் ஊற்றினால் போதும், அடுப்பு எரிபொருளும் மிச்சம். வறுத்த ரவை, பருப்புப் பொடி, சத்துமாவு, புளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் கடை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, காற்றைப் பிதுக்கிய பிளாஸ்டிக் பைகளில் மாற்றிக்கொள்ளவேண்டும். வாயகன்ற டப்பாவில் சப்பாத்தி அடுக்கு வட்டத்தோடு வட்டமாக உட்காரும். கடைசி நாள் உணவு அடியில், முதலில் எடுப்பது மேலே. தின்னத் தின்ன ஏற்படும் இடத்தில் குப்பை போகும்.

பிள்ளைகளிடம் விதியை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொன்னால் அவர்களே காவலர்கள் ஆகிவிடுவார்கள். சாப்பாடு கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய டப்பாவில் இருக்கவேண்டும், நடுவில் வேறு நிலை கிடையாது. தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போகும் இரண்டு நிமிடத்துக்கும் இது பொருந்தும். கரடி பகலிலும் வரும். பொழுது சாயும் முன் சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்துவிடவேண்டும். பிறகு கூடாரத்துக்குள் நுழையும் முன் எல்லார் சட்டைப்பையையும் சோதிக்கவேண்டும். கால்சட்டைப் பையில் மறந்துபோன ஒரு டாஃபி, தலையணையடியில் ஒரு சூயிங்கம் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும். கடைசிப் பற்பசையும் உள்ளே போன பிறகு மூடியைப் பூட்டி, இழுத்துப் பார்க்கவேண்டும். சரியாகப் பூட்டாத டப்பாதான் பெரும்பாலும் கரடிக்குத் திறக்கிறது.

டப்பாவைக் கூடாரத்திலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளிச் சமதரையில் வைக்கவேண்டும். மரத்தில் கட்டக்கூடாது, கயிறு கட்டிவிட்டால் கரடிக்குக் கைப்பிடி கிடைத்தாயிற்று. ஆற்றங்கரையும் பாறை விளிம்பும் ஆகாது. யோசெமிட்டியின் ஸ்நோ கிரீக் பக்கத்தில் ஒரு கரடி டப்பாக்களைச் செங்குத்துப் பாறையிலிருந்து உருட்டிவிட்டு, கீழே போய் உடைந்ததைத் தின்னக் கற்றிருந்தது.

இரவில் டப்பா உருளும் சத்தம் கேட்டால் எல்லாரும் ஒன்றாக நின்று, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு, உரக்கக் கத்திப் பாத்திரத்தைத் தட்டலாம். கரடி ஓட வழி விட்டு நிற்கவேண்டும், சூழ்ந்துகொள்ளக்கூடாது. யோசெமிட்டியில் இதுவரை கருங்கரடியால் யாரும் இறந்ததில்லை. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் தூக்கம் கெடாது. மிளகாய்த் தெளிப்பானுக்கு அந்தப் பூங்காவில் அனுமதி இல்லை. எப்படியோ உணவு கரடியின் வாய்க்குப் போய்விட்டது என்றால் பிடுங்கப் போகக்கூடாது. சிதறியதையும் குப்பையையும் அது போன பிறகு பொறுக்கிக்கொண்டு, கீழே இறங்கியதும் ரேஞ்சரிடம் சொல்லிவிடவேண்டும். சொன்னால் அபராதம் போடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. எந்தக் கரடி எங்கே கற்றுக்கொண்டது என்று தெரிந்தால்தான் அதைச் சீக்கிரம் விரட்டிப் பழக்கி உயிரோடு வைத்திருக்க முடியும்.

காலையில் டப்பா வைத்த இடத்தில் இல்லாமல் போவதும் நடக்கும். பெரும்பாலும் பக்கத்துப் புதரிலோ விழுந்த மரத்தின் அடியிலோ, பல் கீறல்களோடு, பூட்டியபடியே கிடைக்கும். கறுப்பு டப்பாவைத் தேடுவது கஷ்டம் என்பதால் கிளம்பும் முன்பே அதில் பளிச்சென்ற ஒளிர்பட்டை ஒட்டி, குடும்பப் பெயரையும் எழுதிவைத்துவிடலாம். அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள்.